கத்தி எந்தத் திசையில் போனது?

போன வாரம் முதலாண்டு மாணவர்களுக்குத் திசுவியலில் ஸ்பாட்டர் பயிற்சி வைத்தேன்; ஸ்லைடைப் பார்த்து அது என்ன திசு என்று எழுத வேண்டும். பத்து நுண்ணோக்கிகள், பத்து ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். ஏழாவது மேசையில் பித்தப்பை. விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தால், பாதிக்கு மேல் "அடுக்கு எபிதீலியம்" என்று எழுதியிருக்கிறார்கள். எபிதீலியம் என்பது உறுப்புகளின் பரப்பை மூடியிருக்கும் செல் படலம். பித்தப்பையின் உட்சுவரில் இருப்பது ஒற்றை வரிசைத் தூண் எபிதீலியம்; தூண்போன்ற செல்கள் ஒரே வரிசையாக நிற்கும். சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்த எனக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. என் முதல் வாய்மொழித் தேர்வில் நானும் இதே பித்தப்பைக்கு இதே பதிலைத்தான் சொன்னேன்.

ஸ்லைடு பார்க்கும்போது மாணவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். லென்ஸைத் துடைக்காமல் பார்ப்பது, ஸ்லைடைத் தலைகீழாக வைப்பது, எடுத்த எடுப்பில் ஹை பவரைத் திருப்பிக் கண்ணாடியை நொறுக்குவது ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஸ்லைடு உடைந்தால் அந்தப் புத்தி தானாக வந்துவிடும்.

இளஞ்சிவப்பைப் பார்த்ததும் பெயர் சொல்வது

ஹீமடாக்சிலின், இயோசின் சாயங்களில் உட்கரு ஊதாவாகும்; மற்றவை பெரும்பாலும் இளஞ்சிவப்பாகும். இழைப் புரதமான கொலாஜன் இளஞ்சிவப்பு, தசை இளஞ்சிவப்பு, கெரட்டின் இளஞ்சிவப்பு, சிவப்பணுவும் அதே. நிறத்தை விட்டுவிட்டு முதலில் ரத்தக் குழாயைத் தேடுங்கள். எபிதீலியத்துக்குள் அது இருக்காது. கீழேயுள்ள இணைப்புத் திசுவிலிருந்து அடித்தளச் சவ்வைத் தாண்டி ஊறி வருவதை வைத்துத்தான் எபிதீலியம் பிழைக்கிறது. செல்கள் இடைவெளியில்லாமல் நெருக்கியடித்து நின்றால் எபிதீலியம். இழைகளுக்கு நடுவே செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் இணைப்புத் திசு. இதை லோ பவரிலேயே முடித்துவிடலாம்.

வெட்டிய திசையை மறந்துவிட்டுத் திசுவைப் பார்ப்பது

இந்தத் தவறுதான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. காரணம், இதற்கு நான் கொடுத்த விலை. எனக்குப் பதிலாக வேறொருவர் கொடுத்த விலை என்பதுதான் சரி.

பாடம் நடத்த வருமுன் ஓர் ஆய்வகத்தில் திசுப் பிரிவில் வேலை பார்த்தேன். வேலூர் வட்டாரத்தில் தொழுநோய்ச் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. கரிகிரியில் 1955 முதல் அதற்கென்றே ஒரு நிறுவனம் இயங்கி வருகிறது. நான் இருந்தது அங்கே அல்ல, ஆனாலும் எங்கள் மேசைக்கும் உணர்ச்சியற்ற தேமல் என்று குறித்த தோல் துண்டுகள் வரும். அப்படி ஒருநாள் ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயக் கூலியின் துண்டு வந்தது. வட்டக் கத்தியால் குடைந்தெடுத்த 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்சி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. உருகிய மெழுகை அச்சில் ஊற்றி, இடுக்கியால் துண்டை எடுத்து உள்ளே வைத்தேன். கடித உறையில் தபால்தலை ஒட்டுவதுபோல, மேல்தோல் அடியில் படும்படிப் படுக்க வைத்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்று பெருமை வேறு.

தோல் துண்டைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் மைக்ரோடோம் என்ற சீவும் கருவியின் கத்தி மேல்தோல், அடித்தோல், கொழுப்பு என்று மூன்றையும் ஒரே சீவலில் தொட்டுப் போகும். நான் வைத்த வைப்பில் கத்தி மேலிருந்து மட்டமாகச் சீவிக்கொண்டு போனது. சமன் செய்வதற்காக முதலில் சீவிக் குப்பையில் தள்ளியதிலேயே மேல்தோலில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதில் 5 மைக்ரான் சீவல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், இளஞ்சிவப்பு அடித்தோலுக்கு நடுவே ஊதா நிறச் செல் தீவுகள். மேல்தோல் செல்கள் உள்ளே ஊடுருவிவிட்டன, புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு மூத்த டெக்னீஷியனிடம் ஓடினேன். அவர் ஸ்லைடை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, படுக்க வைத்தாயா, நிறுத்தி வைத்தாயா?"

மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் இடம் நேர்கோடு அல்ல. மேல்தோல் கீழே விரல் விரலாக இறங்குகிறது. அடித்தோல் மேலே காம்பு காம்பாக ஏறுகிறது. இரண்டு கைகளின் விரல்களையும் கோத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை மட்டமாக அறுத்தால் ஒரு கையின் விரல்கள் தனித்தனி வட்டங்களாக, மற்றக் கையின் விரல்களுக்கு இடையே மிதப்பதுபோலத் தெரியும். நான் பார்த்த தீவுகள் அவைதான். தீவின் ஓரத்தில் கருநிற அடிச்செல்கள் வளையம் கட்டி, நடுவில் வெளிறிய செல்கள் இருந்தால், அது இறங்கி வந்த மேல்தோல். நடுவில் கொலாஜனும் ஒரு நுண்ரத்தக் குழாயும் இருந்து, சுற்றிலும் எபிதீலியம் இருந்தால், அது ஏறி வந்த அடித்தோல் காம்பு. வரம்புகள் வழுவழுப்பாக இருக்கும்.

இதில் நோயாளிக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். லெப்ரோமாட்டஸ் வகைத் தொழுநோயில் மேல்தோலுக்கும் கீழேயுள்ள நோய்ச் செல் கூட்டத்துக்கும் இடையே ஒரு வெற்றுப் பட்டை இருக்கும். டியூபர்குலாய்டு வகையில் அந்தக் கூட்டம் மேல்தோலை ஒட்டியே வரலாம். நோய் எந்த வகை என்று சொல்ல உதவும் அடையாளங்களில் அந்தப் பட்டையும் ஒன்று. நானோ மேல்தோலையே சீவி எறிந்திருந்தேன். மெழுகை உருக்கித் துண்டைத் திருப்பி வைத்துப் பார்த்தோம்; உருப்படியாக எதுவும் வரவில்லை. அந்த மனிதர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறி வந்து, மறுபடி ஊசி போட்டு, இன்னொரு துண்டு கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. யார் வைத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பித்தப்பைக்கு வருகிறேன். அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருப்பதால், கத்தி எல்லா இடத்திலும் நேர்குத்தாகப் போக முடியாது. குடியாத்தம் தீப்பெட்டி ஒன்றில் குச்சிகளை நெருக்கமாக நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேராக மேலிருந்து கீழே அறுத்தால் மருந்துத் தலைகள் ஒரே வரிசை. சாய்த்து அறுத்தால் நான்கைந்து வரிசைத் தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். குச்சிகள் என்னவோ ஒரே வரிசைதான் நிற்கின்றன. மருந்துத் தலைக்குப் பதில் உட்கருவை வைத்துக்கொண்டால் என் மாணவர்கள் பார்த்த "அடுக்கு" அதுதான்.

ஆகவே விளிம்பு நெடுக ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எந்த இடம் மிக மெல்லியதாக இருக்கிறதோ அந்த இடம் சொல்வதை நம்புங்கள். ஓரிடத்தில் ஒற்றை வரிசை, மடிப்பின் மூலையில் ஐந்து வரிசை என்றால் அந்த ஐந்தும் கத்தியின் வேலை. நெடுகிலும் உட்கருக்கள் மேலும் கீழுமாக நின்று, உச்சியில் மயிர்போன்ற குற்றிழைகளும் இருந்தால் அது மூச்சுக்குழலின் பொய்யடுக்கு எபிதீலியம்; ஒற்றை வரிசைதான், அடுக்குபோலத் தோன்றும். அங்கே கத்தியைப் பழிக்காதீர்கள்.

அடுக்கு எபிதீலியத்துக்குக் கீழ்வரிசையைப் பார்த்துப் பெயர் வைப்பது

மேல்வரிசைச் செல்களின் வடிவத்துக்குத்தான் பெயர்.

தடித்த தோல் என்றால் தடிப்பான தோல் என்று நினைப்பது

தடித்தது, மெல்லியது என்ற கணக்கு மேல்தோலுக்கு மட்டும். முதுகுத் தோலை மொத்தமாக அளந்தால் தடிப்பு அதிகம், ஆனால் நம் கணக்கில் அது மெல்லிய தோல். அந்தத் தடிப்பெல்லாம் அடித்தோலில் இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் தடித்த தோல்: கெரட்டின் அடுக்கு கனமாக இருக்கும், முடி இருக்காது, எண்ணெய்ச் சுரப்பி இருக்காது. ஒரு மயிர்க்கால் கண்ணில் பட்டாலே மெல்லிய தோல் என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போகலாம்.

அடித்தோல் என்றால் என்ன என்பதை ஆம்பூர் மாணவர்களுக்கு நான் விளக்குவதில்லை. தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்பவரின் மகன் ஒருவன் எனக்கே பாடம் எடுத்தான். சுண்ணாம்பில் ஊற வைத்தால் முடியோடு மேல்தோலும் போகும், அடியில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் தனியே சீவி எடுப்பார்கள், மிச்சம்தான் செருப்பாகிறது. அந்த மிச்சம் முழுக்க அடித்தோல், நாலா பக்கமும் பின்னிக் கிடக்கும் கொலாஜன் கற்றைகள். ஒழுங்கற்ற அடர் இணைப்புத் திசு என்று நாங்கள் மூச்சு வாங்கிச் சொல்வதை அவன் காலில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

தசைநாணையும் மென்தசையையும் குழப்புவது

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண்; குடல் போன்ற உள்ளுறுப்புகளின் சுவரில் இருப்பது மென்தசை. இரண்டும் நீளவாக்கில் இளஞ்சிவப்புப் பட்டைகள். உட்கருவைப் பாருங்கள். தசைநாணில் அது இழைகளுக்கு இடையே நசுங்கி, பென்சில் கோடுபோல வரிசை கட்டியிருக்கும். மென்தசையில் செல்லுக்கு உள்ளேயே, நடுவில், முனை மழுங்கி இருக்கும். தசை சுருங்கியிருந்தால் திருகாணிபோல முறுக்கிக்கொண்டும் இருக்கும். மேசன் மூவண்ணச் சாயம் போட்டால் கொலாஜன் நீலமாகவும் தசை சிவப்பாகவும் பிரிந்துவிடும். தேர்வில் அதை யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

கொழுப்புச் செல்லை ஓட்டை என்று எழுதுவது

ஸ்லைடு தயாரிக்கும்போது போடும் சைலீன் கொழுப்பைக் கரைத்துவிட்டது. வளையம்தான் செல்.

புத்தகத்தைப் பார்த்துப் படம் வரைவது

ரெக்கார்டு நோட்டுகள் இப்போது மிக அழகாக வருகின்றன. அழகாக வந்தாலே எனக்குச் சந்தேகம். நேற்று ஒரு மாணவியின் பித்தப்பைப் படம்: ஊதாவும் இளஞ்சிவப்பும் மழமழவென்று, ஒற்றை வரிசைத் தூண் செல்கள் சரியாக, மடிப்புகள் சரியாக, நடுநடுவே சளி சுரக்கும் கோப்பைச் செல்கள். ஆரோக்கியமான பித்தப்பையில் கோப்பைச் செல் கிடையாது. அவை குடலுக்கு உரியவை. "ஏம்மா, இதை ஸ்லைடில் எங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. பக்கத்தை அடித்துவிட்டு, நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து மறுபடி வரையச் சொன்னேன். சாயங்காலம் வரை வரைந்துகொண்டிருந்தாள்.