ஆளுக்கு ஓர் எழுத்து, செய்திக்கு ஓர் எண்

உளவுச் செய்தி கைக்கு வந்ததும் இரண்டு குறியீடு போட வேண்டும்; நேட்டோ நாடுகளின் வழக்கம் இது. தந்தவரின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, செய்தியின் உண்மைக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். எஃப், 6 என்றால் ‘மோசம்’ இல்லை, ‘கணிக்க வழியில்லை’. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

முதலில் ஆள்: முன்பு சொன்னது சரியாக இருந்ததா, நேரில் கண்டாரா, சொல்வதால் என்ன ஆதாயம்? எழுத்தைப் போட்டதும் அதை மறைத்துவிட்டு எண்ணுக்குப் போங்கள். இல்லாவிட்டால் நல்ல ஆள் என்பதற்காகவே 2, அதாவது ‘அநேகமாக உண்மை’, விழுந்துவிடும். 1 போட, தொடர்பில்லாத வேறு மூலங்கள் உறுதிசெய்திருக்க வேண்டும். நூறு அறிக்கை வந்தாலும் ஒரே வாயிலிருந்து கிளம்பியவை என்றால் கணக்கு ஒன்றுதான். ஈராக்கின் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் பற்றி 2003-ல் ஐ.நா.வில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசியது, பெரும்பாலும் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ‘கர்வ்பால்’ என்ற ஒருவரின் சொல்லை நம்பித்தான். கூடம் எதுவும் அகப்படவில்லை.