எழுதிய சூட்டிலேயே ஏற்றிவிடாதீர்கள்

நள்ளிரவு தாண்டி ஒரு சிறுகதையை முடித்தேன். முடித்த கையோடு இணையத்தில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் நண்பரிடமிருந்து ஒரு செய்தி: "இந்த அம்மா பேர் செல்வியா, சாந்தியா?" பாதிக் கதை வரை செல்வியாக இருந்தவள், அப்புறம் சாந்தியாகிவிட்டிருந்தாள். திருத்தப் போனபோதுதான் அதைவிடப் பெரிய கோளாறு கண்ணில் பட்டது. கதை ஏற்கெனவே சொல்லிவிட்டதையெல்லாம் கடைசிப் பத்தி உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தது.

இணையத்தில் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். அச்சு இதழுக்குக் கதை அனுப்பினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் திட்டாத எழுத்தாளர் கிடையாது. ஆனால் அதற்குள் கதை நம் மனதிலிருந்து கொஞ்சம் விலகிவிடும். திரும்ப எடுத்தால் யாரோ எழுதியதைப் போலப் படிக்க முடியும். எழுதிய அன்றே படித்தால் கண் திரையில் இருப்பதைப் படிப்பதில்லை, மனதில் இருப்பதைத்தான் படிக்கிறது. பெயர் மாறியது எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். இப்போது பொத்தான் விரலுக்கடியில் இருக்கிறது, ஆறப்போடுகிற வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். கட்டுரைக்கு 2 நாள், கதைக்கு 2 வாரம் என்பது என் கணக்கு. பிறகு வாய்விட்டுப் படிக்கிறேன். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியம் நீளம். எங்கே எனக்கே கூச்சமாக இருக்கிறதோ அங்கே பொய்.

அவசரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பல இதழ்களும் போட்டிகளும் "வேறெங்கும் வெளிவராத படைப்பு" என்று கேட்கும்போது, சொந்தப் பக்கத்தில் போட்டதையும் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்கின்றன. முதல் வெளியீட்டு உரிமையை ஒருமுறைதான் கொடுக்க முடியும். ஒரு நல்ல கதையை 10 விருப்பக்குறிகளுக்காக இப்படிச் செலவழித்திருக்கிறேன்.

உரிமை என்றதும் பலருக்கு வரும் பயம், பதிவு செய்யாவிட்டால் படைப்பு நம்முடையதாகாது என்பது. 1886-இல் உருவான, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே அதற்கு எதிரானது: உறுப்பு நாடுகளில் பதிப்புரிமை கிடைக்கப் பதிவு எதுவும் முன்நிபந்தனை இல்லை. கவலைப்பட வேண்டியது நாமே படிக்காமல் டிக் செய்கிற கட்டங்களைப் பற்றித்தான். அமேசானில் மின்னூல் போடும்போது 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. உங்கள் சொந்தத் தளத்தில்கூட. அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நிறுத்தச் சொல்லாவிட்டால் அந்தத் திட்டம் தானாகவே அடுத்த 90 நாளுக்கு நீளும். நம் படைப்பை யாரும் சில நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் அப்படித்தான், தாராள மனதில் ஒருமுறை கொடுத்துவிட்டால், அதன்படி எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்து கொடுங்கள்.

பார்வை எண்ணிக்கையைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் ஒன்றுதான் சேர்ப்பேன். அந்த எண் பக்கத்தைத் திறந்தவர்களைக் காட்டுகிறது, கடைசி வரி வரை வந்தவர்களை அல்ல. தலைப்பு செய்த வேலைக்குக் கதை பெருமைப்பட்டுக்கொள்ளும். அடுத்ததில் ஒரு பக்கமாவது எழுதிய பிறகுதான் நான் எண்ணைப் பார்க்கிறேன். பெரும்பாலும்.

சரி, ஏற்றியாகிவிட்டது. பிரதி எங்கே? "அதான் இணையத்தில் இருக்கிறதே" என்பவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கலாம். இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனாளர்களுக்கு நின்றுபோனது. இன்னொரு சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை. ஆனாலும் அதில் 2015 வரை ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. அதனால் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில், வெறும் உரைக்கோப்பாக. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பத்திரமாக வைத்த தமிழ்க் கோப்பை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். குறியாக்கம் மாற்ற மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று நினைவிருந்தால் வேலை சுலபம்.

என் கணினியில் 'ஊறுகிறது' என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். இப்போது அதில் 3 கதைகள் இருக்கின்றன. ஒன்று, பாதியில் பெயர் மாறிய அந்த அம்மாவின் கதை. கடைசிப் பத்தியை வெட்டியாகிவிட்டது. அவள் பெயரை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.