கார் பட்டனுக்குக் கராஜ் கதவு திறக்கவில்லையா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் சன் வைசரில் கராஜ் கதவின் பழைய ரிமோட்டைக் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதே கதவைத் திறப்பதற்கென்று காரிலேயே வைத்த மூன்று பட்டன்கள் தலைக்கு மேலே சும்மா கிடக்கும். கேட்டால், "போட்டுப் பார்த்தேன், வேலை செய்யல" என்பார்கள். பெரும்பாலும் அது பாதி வேலை செய்திருக்கும். மீதிப் பாதி எங்கே என்று தெரியாமல் விட்டிருப்பார்கள்.

பல கார்களில் இந்த வசதியின் பெயர் ஹோம்லிங்க். 2013-இல் ஜான்சன் கண்ட்ரோல்ஸிடமிருந்து இதை ஜென்டெக்ஸ் நிறுவனம் வாங்கியது. இரவில் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் தானாகவே மங்கிக்கொள்ளும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பேர்போன நிறுவனம் அது. ஆகவே இந்தப் பட்டன்கள் பல கார்களில் கண்ணாடியின் கீழ்விளிம்பிலேயே இருப்பதில் ஆச்சரியமில்லை. மற்ற கார்களில் வைசரிலோ கூரை விளக்குக்குப் பக்கத்திலோ இருக்கும். டெஸ்லா போன்றவற்றில் பட்டனே கிடையாது, திரையில்தான் எல்லாம்.

நகல் எடுக்கிறது என்று நினைப்பது

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். ரிமோட்டைக் கார் பட்டனுக்குப் பக்கத்தில் பிடிக்கிறோம், இரண்டையும் சேர்த்து அழுத்துகிறோம், கார் பட்டனுக்குப் பக்கத்திலுள்ள சின்ன விளக்கு படபடவென்று மின்னுகிறது. நகல் எடுத்தாகிவிட்டது, இனி கதவு திறக்கும் என்று எதிர்பார்க்கிறோம். திறக்காது.

பழைய காலத்து ரிமோட்டுகளைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரி. அவற்றின் மூடியைக் கழற்றினால் உள்ளே அரிசிமணி அளவில் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான் கோடு (code), அதாவது கதவைத் திறக்கும் ரகசியக் குறி. எத்தனை தடவை அழுத்தினாலும் அதே கோடுதான் போகும். கார் அதைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கும், கதவும் திறக்கும். சிக்கல் என்னவென்றால், காரைப் போலவே தெருவில் நிற்கும் திருடனாலும் அதைப் பிடித்து வைத்து ஒப்பிக்க முடியும்.

அதற்குப் பதிலாக 1990களில் ரோலிங் கோடு வந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோடு மாறும். ஒரு தடவை பயன்பட்ட கோடு மறு தடவை செல்லாது. கதவை ஏற்றி இறக்கும் மோட்டார், தனக்கு ஏற்கெனவே அறிமுகமான ரிமோட்டா, அதனிடமிருந்து வரவேண்டிய அடுத்த கோடா என்று பார்த்த பிறகே அசையும்.

இந்த வகை ரிமோட்டிடம் கார் கற்றுக்கொள்வது, அது எந்த அலைவரிசையில், எந்த முறையில் பேசுகிறது என்பதை மட்டும்தான். அதன் அடையாளத்தைக் கார் எடுத்துக்கொள்வதில்லை. மோட்டாரைப் பொறுத்தவரை கார் பட்டன் ஒரு புது ரிமோட். அதைத் தனியாக அறிமுகம் செய்து வைத்தால்தான் உள்ளே விடும்.

உங்கள் மோட்டார் எந்த வகை என்று காரே சொல்லிவிடும். ரிமோட்டை வைத்துப் பழக்கிய பிறகு, கார் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு விளக்கைப் பாருங்கள். விட்டு விட்டு எரியாமல் ஒரே சீராக எரிந்தால் பழைய வகை, வேலை முடிந்தது. இரண்டு நொடி வேகமாக மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் ரோலிங் கோடு, பாதி வேலை பாக்கி இருக்கிறது. நிறம் மாறும் புது மாடல்களில் பச்சை நிலையாக நின்றால் முடிந்தது, பச்சை வேகமாக மின்னினால் பாக்கி. இந்த ஒரு நிமிஷப் பரிசோதனையைச் செய்யாமல் ரிமோட்டையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

லேர்ன் பட்டனும் முப்பது நொடியும்

பாக்கி வேலை கராஜின் கூரையில் இருக்கிறது. மோட்டார் பெட்டியின் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, சிலவற்றில் விளக்கு மூடிக்கு உள்ளேயோ, ஒரு சின்னப் பட்டன் இருக்கும். ‘லேர்ன்’, ‘ஸ்மார்ட்’ என்று ஏதாவது எழுதியிருக்கும். அதை அழுத்தினால் பக்கத்திலுள்ள விளக்கு எரியும். அந்த நொடியிலிருந்து சுமார் 30 நொடி அவகாசம். அதற்குள் காருக்குப் போய், பழக்கிய பட்டனை அழுத்த வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஏணியின் நான்காம் படியில் நின்று, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, பட்டனை அழுத்தி, ஏணியிலிருந்து இறங்கி, கார் கதவைத் திறந்து உட்காருவதற்குள் 30 நொடி எங்கே போனது என்றே தெரியாது. முதல் தடவை நான் தனியாகத்தான் செய்தேன். மூன்று முறை ஓடினேன், மூன்று முறையும் தோற்றேன். நான்காம் முறை இன்னும் மோசமாகப் போனது. ‘சரியாக அழுந்தவில்லை போல’ என்று நினைத்து லேர்ன் பட்டனை நன்றாக அழுத்திப் பிடித்தேன். எரிந்த விளக்கு அணைந்தது. இறங்கி வந்து பார்த்தால் கார் பட்டனும் இல்லை, கையிலிருந்த ரிமோட்டும் இல்லை, வெளிச்சுவரில் எண் அடித்துத் திறக்கும் பலகையும் இல்லை. எல்லாமே செத்துக் கிடந்தன.

காரணம் ரொம்பச் சாதாரணம். லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லெயின் வகை மோட்டார்களில் லேர்ன் பட்டனை ஒரு தடவை அழுத்தி உடனே விட்டால் புது ரிமோட்டைச் சேர்க்கும். ஆறு நொடி போல விளக்கு அணையும்வரை பிடித்திருந்தால், தனக்குத் தெரிந்த ரிமோட் அத்தனையையும் மறந்துவிடும். ஒரே பட்டனுக்கு நேர் எதிரான இரண்டு வேலை. இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது ஏணியில் நின்று செய்து பார்த்திருப்பாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஆகவே: காரைக் கராஜ் வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள், கதவைப் பார்த்தபடி. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், இன்னொருவர் ஏணியில் ஏறட்டும். மேலே இருப்பவர் பட்டனைத் தொட்டு விட்டு, "ம்" என்று குரல் கொடுத்தால் போதும். தனி ஆள் என்றால், ஏறுவதற்கு முன்பே கார் கதவைத் திறந்து, இக்னிஷனை ஆன் செய்து வைத்துவிட்டு ஏறுங்கள்.

காரில் இருப்பவர் செய்யும் தவறு வேறு. பட்டனை ஒரு தடவை அழுத்துகிறார், கதவு அசையவில்லை, "இல்லப்பா, வரல" என்று சொல்லிவிடுகிறார். முதல் அழுத்தலில் கதவு அசைய வேண்டும் என்று கட்டாயமில்லை, அது அறிமுகம் மட்டும்தான். இரண்டு நொடி அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். சில மோட்டார்களுக்கு மூன்றாம் அழுத்தல்வரை தேவைப்படும்.

இரண்டாவது பட்டனுக்கு முதல் பட்டனை இழப்பது

கார் கையேட்டில் முதல் படியாக, ‘ஓரத்திலுள்ள இரண்டு பட்டன்களையும் சேர்த்து, விளக்கு வேகமாக மின்னும்வரை பிடிக்கவும்’ என்று இருக்கும். காருக்குத் தகுந்தபடி 10 முதல் 20 நொடி ஆகும். இது பழைய பதிவுகளைத் துடைக்கும் படி, மூன்று பட்டன்களையும் ஒன்றாகத் துடைக்கும். முதல் பட்டனில் வீட்டுக் கதவைப் பதிந்துவிட்டு, இரண்டாவதில் குடியிருப்பு வளாகத்தின் கேட்டைப் பதியப் போகும்போது கையேட்டை மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குகிறோம். கேட் பதிவாகிறது, கதவு போய்விடுகிறது. அடுத்து கதவைப் பதிந்தால் கேட் போகிறது. ஒரு மாலை முழுக்க இப்படியே ஓடும்.

துடைப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் எல்லாவற்றுக்கும் முன்னால். ஒரு பட்டனை மட்டும் மாற்ற வேண்டுமானால் அந்தப் பட்டனை மட்டும் சுமார் 20 நொடி விடாமல் பிடியுங்கள். விளக்கு மெதுவாக மின்னத் தொடங்கியதும், விரலை எடுக்காமலேயே ரிமோட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து அழுத்துங்கள். பழையது போய்ப் புதியது உட்காரும், மற்ற இரண்டும் பத்திரமாக இருக்கும்.

ரிமோட்டைப் பிடிக்கிற விதம்

ஒன்று முதல் மூன்று அங்குல இடைவெளி வேண்டும். பட்டனோடு ஒட்டி வைப்பவர்களும் உண்டு, மடியில் வைத்துக்கொண்டு அழுத்துபவர்களும் உண்டு. முதல் தடவை சரிவராவிட்டால் கோணத்தையும் தூரத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ரிமோட்டின் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். கதவைத் திறக்கப் போதுமான பலம் இருக்கிறதே என்று வாதிடாதீர்கள், பழக்கும்போது பல நொடிகள் இடைவிடாமல் சிக்னல் போயாக வேண்டும்.

அந்த ‘இடைவிடாமல்’தான் வேறு சில ரிமோட்டுகளிடம் நடக்காது. கனடாவில் விற்கும் ரிமோட்டுகளும், பல கேட் ரிமோட்டுகளும், நீங்கள் அழுத்திக்கொண்டே இருந்தாலும் சில நொடிகளில் தாமாகவே நின்றுவிடும். கார் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுபோகும். இவற்றுக்குக் கார் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு, ரிமோட்டை மட்டும் இரண்டு நொடிக்கு ஒரு தடவை விட்டு விட்டு அழுத்த வேண்டும், கார் விளக்கு மாறும்வரை.

டெஸ்லாக்காரர்களுக்குத் தனியாக ஒரு பொறி இருக்கிறது. எல்லாம் திரையில் நடப்பதால், ரிமோட்டையும் திரைக்குப் பக்கத்திலேயே பிடிப்பார்கள். அங்கே கேட்பார் யாருமில்லை. அந்தக் காரின் ஹோம்லிங்க் கருவி இருப்பது முன் பம்பர் பக்கம். திரையில் தொடங்கிவிட்டு, இறங்கிப் போய், பம்பருக்கு இரண்டு அங்குலத்துக்குள் ரிமோட்டைப் பிடிக்க வேண்டும். மாடல் 3, மாடல் ஒய் வைத்திருப்பவர்கள் அதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளலாம்: 2019-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற பல வண்டிகளில் இந்தக் கருவி காரோடு வரவில்லை, தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியது.

இன்னொன்று, மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். கதவு வேறு திறக்காமல் அடம்பிடிக்கும் நேரம் அது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சின் ஓடவே வேண்டாம், இக்னிஷன் ஆனில் இருந்தால் போதும். பழக்கும்போது கதவு திடீரென்று ஏறி இறங்கும் என்பதால் அதன் அடியில் குழந்தைகளோ சைக்கிளோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடை பட்டதும் நின்று திரும்பும் வசதி இல்லாத பழைய மோட்டாராக இருந்தால், அதாவது 1982 ஏப்ரல் 1-க்கு முன் செய்ததாக இருந்தால், கார் பட்டனோடு இணைக்கவே வேண்டாம் என்று கையேடுகள் சொல்கின்றன.

இரண்டும் ஒன்றையொன்று அறியாத தலைமுறைகள்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் வரவில்லையா? லேர்ன் பட்டனின் நிறத்தைப் பாருங்கள். லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லெயின் குடும்பத்தில் அந்த நிறம் அழகுக்காக வைத்ததில்லை, தலைமுறையின் அடையாளம். ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் 390 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் செக்யூரிட்டி பிளஸ் என்ற ரோலிங் கோடு முறை. ஊதா என்றால் அதே முறை, 315 மெகாஹெர்ட்ஸில். மஞ்சள் என்றால் 2011-இல் வந்த செக்யூரிட்டி பிளஸ் 2.0, ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசையில் பேசுவது.

2011-க்கு முன் செய்த காருக்கு மஞ்சள் பட்டனின் பேச்சு பெரும்பாலும் புரியாது. எத்தனை ஏணி ஏறினாலும் புரியாது. இந்த இடைவெளிக்கென்றே பிரிட்ஜ், ரிப்பீட்டர் என்ற பெயர்களில் சின்னப் பெட்டி விற்கிறார்கள். கராஜுக்குள் மின்சார பிளக்கில் சொருக வேண்டும். கார் தனக்குத் தெரிந்த பழைய முறையில் பெட்டியிடம் சொல்லும், பெட்டி அதைப் புது முறையில் மோட்டாரிடம் சொல்லும்.

ஒரு நாட்டுக் கார், வேறு நாட்டு மோட்டார் என்றாலும் இதே கதைதான். அமெரிக்கக் கார்களின் ஹோம்லிங்க் 288 முதல் 433 மெகாஹெர்ட்ஸ்வரை கேட்கும்படி செய்தது. ஐரோப்பாவில் பல கதவுகள் 868-இல் பேசுகின்றன. அந்தக் கார் அங்கே செவிடுதான்.

எதுவும் மாறாமலே நேற்றுவரை திறந்த கதவு இன்று திறக்கவில்லை என்றால், ஏணியை எடுப்பதற்கு முன் சுவர் ஸ்விட்சைப் பாருங்கள். பல சுவர்ப் பலகைகளில் ‘லாக்’ என்று ஒன்று உண்டு. ஊருக்குப் போகும்போது எல்லா ரிமோட்டையும் தற்காலிகமாக முடக்குவதற்காக வைத்தது. போகிற போக்கில் யாராவது தொட்டிருப்பார்கள். திறக்கிறது, ஆனால் வாசலுக்கு வந்து முட்டினால்தான் திறக்கிறது என்றால், மோட்டாரில் சமீபத்தில் எல்இடி பல்பு மாற்றினீர்களா என்று யோசியுங்கள். சில பல்புகள் கிளப்பும் ரேடியோ இரைச்சல் ரிமோட்டின் குரலை அமுக்கிவிடும். பல்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மோட்டாரிலிருந்து தொங்கும் மெல்லிய ஒயரையும் யாரும் சுருட்டி ஒட்டவோ வெட்டவோ இல்லையே என்று பாருங்கள், அது ஆன்டெனா.

துடைக்காமல் கைமாற்றுவது

காரை விற்கும்போது பாட்டுப் பட்டியலையும் போன் இணைப்பையும் அழிப்பவர்கள் இந்த மூன்று பட்டன்களை மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர் கையில் உங்கள் வீட்டுக் கதவு இருக்கிறது. விற்பனைக் காகிதத்தில் முகவரியும் இருக்கிறது. ஓரப் பட்டன் இரண்டையும் பிடித்துத் துடைக்க அரை நிமிஷம்கூட ஆகாது. பேட்டரியைக் கழற்றினால் தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள், பேட்டரி இல்லாமலும் அந்தப் பதிவு நிற்கும். வீடு வாங்குகிறவர்களுக்கு இதே வேலை எதிர்ப்பக்கம். முன்பு குடியிருந்தவர்களின் ரிமோட்டும் காரும் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது. நான் தவறுதலாகச் செய்த அந்த ஆறு நொடி அழுத்தலை, குடிபோன அன்றே நீங்கள் தெரிந்தே செய்துவிட்டு, உங்களுடையவற்றை மட்டும் திரும்பச் சேருங்கள்.

சில கார்களில் வண்டியைப் பூட்டி, இக்னிஷன் ஆஃபில் இருக்கும்போதும் இந்தப் பட்டன்கள் வேலை செய்யும். காரை இரவில் வெளியே நிறுத்துகிறவர்கள் தங்கள் காரில் எப்படி என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுங்கள். வேலை செய்கிறது என்றால், கார் கண்ணாடியை உடைப்பவனுக்கு வீட்டுக் கதவும் சேர்ந்தே திறக்கும். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் உள்கதவைப் பூட்டும் பழக்கம் அங்கே அவசியம்.

கார் பட்டன் வேலை செய்யத் தொடங்கியதும் வைசரிலிருந்த ரிமோட்டைக் கழற்றுங்கள், ஆனால் குப்பையில் போடாதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு வீட்டுக்குள் ஒரு டிராயரில் வைத்துவிடுங்கள். அடுத்த கார் வரும்போது அதற்குப் பழக்க அந்த ரிமோட் மறுபடி தேவைப்படலாம்.