பெய்ஜிங் செய்தியும் செம்பனைக் குலை விலையும்: கணக்குப் போடும் முறை

பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், லங்காப், உத்தான் மெலிந்தாங் பக்கம் ஐந்து, பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு, தவுக்கே (குலை வாங்கும் வியாபாரி) விலை சொல்வதற்கு முன்பே அமெரிக்கா–சீனா வரிச் சண்டை கைப்பேசியில் வந்துவிடுகிறது. உடனே வெட்டைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்காதீர்கள். பழுத்த குலை காத்திருக்காது. வெட்டி ஒரு நாள் கடந்தாலே எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும். மரத்திலேயே விட்டால் உதிரிப் பழம் புல்லுக்குள் போய்விடும். இந்தச் செய்தியெல்லாம் உரம் வாங்கும் நேரத்துக்கும், தவுக்கேயிடம் விலை பேசுவதற்கும், மறுநடவுக்குக் கடன் எடுப்பதா என்ற முடிவுக்கும்தான் உதவும்.

முதலில் கணக்கு. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வட்டாரவாரியாக, 1 விழுக்காடு எண்ணெய்ச் சத்துக்கு இவ்வளவு என்று குலை விலை வெளியிடுகிறது. அது 42 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆலை உங்கள் குலைக்கு 19 விழுக்காடு போட்டால் டன் 798 ரிங்கிட். லோரிக் கூலியும் தவுக்கே பங்கும் அதில் கழியும். கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 100 ரிங்கிட் இறங்கினால் குலைக்கு டன் 19 ரிங்கிட்தான் இறங்கும். ஐந்து ஏக்கரில் மாதம் 3 டன் வெட்டுபவருக்கு 57 ரிங்கிட். ‘விலை சரிந்தது’ என்ற தலைப்பைப் பார்த்ததும் இந்தப் பெருக்கலைப் போடுங்கள். பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கிவிடும்.

வல்லரசுச் சண்டை செம்பனைக்கு வந்து சேரும் முக்கிய வழி சோயா. சோயா எண்ணெயும் செம்பனை எண்ணெயும் ஒன்றுக்கொன்று மாற்று. சீனா 2024-இல் மட்டும் சுமார் 10.5 கோடி டன் சோயா மொச்சை இறக்குமதி செய்தது. 100 கிலோ மொச்சையை ஆட்டினால் எண்ணெய் 18, 19 கிலோ கிடைக்கும். ஏறக்குறைய 80 கிலோ புண்ணாக்கு, பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகும். அங்கே ஆலை ஓடுவதே புண்ணாக்குக்காகத்தான், எண்ணெய் கூடவே வருவது. ஆகவே பன்றிப் பண்ணையின் நிலைதான் சோயா எண்ணெய் எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2018-ஐப் பாருங்கள். ஜூலையில் சீனா அமெரிக்க மொச்சைக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி போட்டது. அமெரிக்காவின் சிக்காகோ சந்தையில் மொச்சை விலை விழுந்தது, தாவர எண்ணெய்களும் அழுத்தத்துக்கு உள்ளாயின. மலேசியாவிலோ ஆண்டு முடிவில் செம்பனை எண்ணெய் இருப்பு 30 இலட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. கச்சா செம்பனை எண்ணெய் டன் 2,000 ரிங்கிட்டுக்குக் கீழே போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. பன்றிகள் குறைய, புண்ணாக்குக்குத் தேவை குறைந்தது. ஆட்டிய மொச்சையும் குறைந்தது. எண்ணெய்க்கு வந்த இடைவெளியை நிரப்ப 2019-இல் சீனா செம்பனை எண்ணெயைக் கூடுதலாக வாங்கியது. வரி அப்படியே இருந்தும் விலை மாறியது.

அதனால் வரிச் செய்தி வந்தால், பட்டியலில் சோயா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தியால் குலைக்கு நேரடி வேலை இல்லை. இருந்தால், பிரேசில் அறுவடை வந்துவிட்டதா என்று பாருங்கள். பிப்ரவரிக்குப் பிறகு அது குவியத் தொடங்கும். அப்போது அமெரிக்க மொச்சை இல்லாமலேயே சீனாவால் சமாளிக்க முடியும்.

‘ஒப்பந்தம் ஆகிவிட்டது’ என்ற செய்தியை இன்னும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். 2020 ஜனவரியில் கையெழுத்தான முதற்கட்ட உடன்பாட்டில், இரண்டு ஆண்டுகளில் கூடுதலாக 20,000 கோடி டாலருக்கு அமெரிக்கச் சரக்கு வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. அந்த அளவை எட்டவில்லை. 2025 அக்டோபரில் இரு தரப்பும் நம் கோலாலம்பூரிலேயே பேசினார்கள். 30-ஆம் தேதி தென் கொரியாவின் பூசானில் டிரம்பும் சி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். 2026 முதல் 2028 வரை ஆண்டுக்கு 2.5 கோடி டன் மொச்சையைச் சீனா வாங்கும் என்றது வெள்ளை மாளிகை. வாக்குறுதியை விட்டுவிட்டுக் கப்பலைப் பாருங்கள்: அமெரிக்க வேளாண் துறை வாரந்தோறும் வெளியிடும் ஏற்றுமதி விற்பனை அறிக்கை, சீனச் சுங்கத் துறையின் மாத இறக்குமதிக் கணக்கு.

சீனாவின் டாலியன் முன்பேரச் சந்தையில் சோயா எண்ணெயும் செம்பனை ஓலினும் (செம்பனை எண்ணெயின் திரவப் பகுதி) யுவான் விலையில் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும். ஓலின் விலை மேலே போனால், மாற்ற முடிந்த ஆலைகள் சோயாவுக்கு மாறும். குளிர்காலத்தில் ஓலின் உறையும் என்பதால் மற்ற எண்ணெயோடு அதைக் கலப்பதும் குறையும். சீனப் புத்தாண்டுக்கான கொள்முதல் பண்டிகைக்கு முன்பே முடிந்துவிடும். அந்த வேகம் தொடரும் என்று நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

பெய்ஜிங்கின் கொள்கை அறிக்கைகளில் எண்ணைவிடச் சொல் மாற்றத்தைக் கவனியுங்கள். மார்ச் மாதப் பிரதமர் அறிக்கையில் வளர்ச்சி இலக்கு 2023, 2024, 2025 மூன்றிலும் ‘சுமார் 5 விழுக்காடு’தான். ஆனால் அரசு வரவுசெலவுப் பற்றாக்குறை இலக்கு 2025-இல் 3-இலிருந்து 4 விழுக்காடானது, அதுதான் செய்தி. 2024 டிசம்பரில் கம்யூனிஸ்டுக் கட்சியின் அரசியல் குழு பணக் கொள்கையை ‘மிதமான தளர்வு’ என்று மாற்றிச் சொன்னது. இவை பங்குச் சந்தையை மறுநாளே ஆட்டும். குலைக்கு மெதுவாகத்தான் வரும்.

எல்லாவற்றையும் சீனா தலையில் போடவும் வேண்டாம். இந்தியா இறக்குமதி வரியை மாற்றினாலும், இந்தோனேசியா பயோடீசல் கலப்பைக் கூட்டினாலும், ரிங்கிட் வலுத்தாலும் கணக்கு மாறும்.

தவுக்கேயிடம் போய் ‘மார்க்கெட்டில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 4,200 ரிங்கிட், நீங்கள் ஏன் குறைக்கிறீர்கள்’ என்று கேட்டால் எடுபடாது. கைப்பேசியில் காட்டுவது பெரும்பாலும் மூன்றாம் மாத முன்பேர விலை, அதாவது அந்த மாதம் ஒப்படைக்கும் எண்ணெய்க்கு இன்றே பேசும் விலை. அவர் கணக்குப் போடுவது அன்றைய விலையிலா மாதச் சராசரியிலா, எண்ணெய்ச் சத்து எத்தனை, கழிக்கும் தொகை எவ்வளவு என்று கேட்டு எடைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

உரத்தில்தான் சீனக் கொள்கை நேராகக் கடிக்கும். 2021 அக்டோபரில் சீனா உர ஏற்றுமதிக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது; ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த யூரியா, பாஸ்பேட் விலை மேலும் ஏறியது. உள்நாட்டு விவசாயிக்கு உரம் போதாது என்று தோன்றினால் பெய்ஜிங் ஏற்றுமதியை இறுக்கும். அப்படி ஒரு செய்தி வந்தால் அடுத்து உரம் போடும் ஒரு சுற்றுக்கு மட்டும் முன்கூட்டி வாங்குங்கள், ஆண்டு முழுவதற்கும் வேண்டாம். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள். ஈரம் ஏறினால் அமோனியம் சல்ஃபேட் கட்டிதட்டிப் போகும், மண்வெட்டியால் உடைத்துத்தான் போட வேண்டியிருக்கும்.