பற்றரி பழுதில்லை, கொன்ட்ரோலர் இருந்த இடம்தான் பிழை

வாகரையில் கடற்கரையோரம் எங்கள் வீடு. கூரையில் 100 வாட் சோலார் பனல் ஒன்று. மூன்று பல்புகளும் ஒரு சிறிய மின்விசிறியும் 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரியில் ஓடுகின்றன. ஆடி மாத வெயிலிலும் இரவு எட்டு மணிக்கே பல்புகள் மங்கத் தொடங்கின. அம்மா குப்பி விளக்கைத் துடைத்துத் திரி போட்டு வைத்துவிட்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

புதுப் பற்றரி வாங்கச் சொன்னார்கள். அதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தேன். பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவிதான் கொன்ட்ரோலர். நண்பகலில் அதன் முனையில் 14.4 வோல்ட், பற்றரி முனையில் 13.1. இடையே 12 மீற்றர் மெல்லிய வயர். 5 அம்பியர் ஓடும்போது அந்த வயரே 1.3 வோல்ட்டைத் தின்றது. பனலுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில் இருந்த கொன்ட்ரோலரோ தன் முனையின் அளவை மட்டும் பார்த்து, பற்றரி நிறைந்துவிட்டதாக எண்ணி மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டது.

கொன்ட்ரோலரைக் கழற்றிப் பற்றரிக்கு ஒரு முழத்துக்குள் கொண்டுவந்தேன். நீண்ட வயர் இப்போது பனல் பக்கம். அங்கே 17 வோல்ட் வருவதால் கொஞ்சம் இழந்தாலும் பாதகமில்லை. கழற்றும்போது முதலில் பனலைத் துண்டியுங்கள். பூட்டும்போது முதலில் பற்றரியை இணையுங்கள்.

பற்றரி முனைகளில் உப்புக்காற்றால் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குப் படிந்திருந்தது. அப்பச்சோடா கரைத்த நீரால் தேய்த்துத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் வஸ்லீன் பூசினேன்.

மறுநாள் பொழுது சாய்ந்தபின் பற்றரி 12.7 வோல்ட் காட்டியது, அதாவது நிறைந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.