மும்பையில் என்பிஎஸ் பணம்: ஃபண்டு மேனேஜரை எப்படிச் சரிபார்ப்பது

மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் நம்மவர்கள் பலர் என்பிஎஸ் எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்ததோடு சரி, பணம் யார் கையில் என்று பார்ப்பதில்லை. பென்ஷன் ஃபண்டு கம்பெனிகள் பல மும்பையில்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் முதலீட்டின் உரிமை, அதை உங்களுக்காக வைத்திருக்கும் என்பிஎஸ் டிரஸ்ட் பெயரில்தான். 2013 பென்ஷன் ஒழுங்குமுறைச் சட்டப்படி, சந்தாதாரர் பணத்தை வெளிநாட்டில் முதலீடு செய்யவும் கூடாது.

முதலில் பிரான் எண்ணோடு (உங்கள் என்பிஎஸ் கணக்கு எண்) சிஆர்ஏ, அதாவது கணக்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து, ஸ்கீம் விவரத்தில் மேனேஜர் பெயரையும் பங்கு, பத்திர விகிதத்தையும் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பெரும்பாலும் வயதுக்கேற்பப் பங்கு விகிதம் தானாகக் குறையும் எல்சி50 திட்டம்தான்: 35 வயது வரை பங்கில் 50%, பிறகு ஆண்டுதோறும் குறைந்து 55 வயதில் 10%.

மேனேஜரை நிதியாண்டுக்கு ஒரு முறையும், விகிதத்தை நான்கு முறையும் மாற்றலாம். மாற்றும்போது பழைய யூனிட்டுகளை விற்றுப் புதியவற்றை வாங்குவார்கள். அதனால் சந்தை சரிந்த வாரத்தில் பதறி, பங்கிலிருந்து பத்திரத்துக்கு மாறினால் நஷ்டம் அப்படியே நிலைத்துவிடும். ஓராண்டு வருமானத்தை விட்டு, ஐந்தாண்டுக் கணக்கை ஒப்பிடுங்கள்.

கம்பெனி மூலம் சேர்ந்தவர்கள் மாற்றும் முன் எச்ஆரிடம் கேளுங்கள். "இவ்வளவு வருமானம் உறுதி" என்று ஏஜென்ட் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே வருமானம் சந்தையைப் பொறுத்தது. புகாரை சிஆர்ஏ தளத்திலேயே பதிந்து, டோக்கன் எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் என்பிஎஸ் டிரஸ்ட், அதற்கும் மேலே ஓம்புட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளர்.