ஸ்கீக்கு மெழுகு போட இப்போது பாதி நேரம்தான்

ஒஸ்லோவில் முதல் இரண்டு குளிர்காலமும் என் ஸ்கேட்டிங் ஸ்கீக்கு (ஸ்கேட்டிங் போலக் காலைப் பக்கவாட்டில் தள்ளிப் பனியில் சறுக்க, காலில் மாட்டும் நீளப் பலகை) வழுக்கிப் போக மெழுகு போடுவது பெரும்பாடாக இருந்தது. வீட்டிலிருந்த பழைய அயர்ன் பாக்ஸைத்தான் பயன்படுத்தினேன். அதன் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மெழுகு புகையும். புகை வந்தால் சூடு அதிகம், ஸ்கீயின் அடிப்பாகமே கெட்டுவிடும். கடைசியில் ஸ்கீக்கென்றே விற்கும் அயர்ன் வாங்கி, மெழுகு உறையில் போட்டிருந்தபடி 120 டிகிரியில் வைத்தேன். புகை நின்றது.

அப்புறம், மேலே மிஞ்சும் மெழுகைச் சுரண்டும் வேலை. முன்பெல்லாம் மெழுகைச் சொட்டுச் சொட்டாக நிறைய உருக்கி விடுவேன், பிறகு அத்தனையையும் கை வலிக்கச் சுரண்டுவேன். இப்போது மெழுகுக் கட்டியை அயர்னில் ஒரு நொடி தொட்டு, உடனே க்ரேயான் மாதிரி அடிப்பாகத்தில் தேய்க்கிறேன். பிறகு முன்முனையிலிருந்து பின்முனை வரை அயர்னை எங்கும் நிறுத்தாமல் மெதுவாக ஒரே இழுப்பு. மெழுகு பாதிகூடச் செலவாவதில்லை.

ஆறும்வரை பொறுக்க வேண்டும். நான் இரவே போட்டுவிட்டுக் காலையில்தான் பிளாஸ்டிக் சுரண்டியை எடுக்கிறேன். அதன் விளிம்பு மழுங்கியிருந்தால் முதலில் அதைத் தீட்டுங்கள், பாதி உழைப்பு மிச்சம். கடைசியாக நைலான் பிரஷ். ஜன்னல் மட்டும் திறந்தே இருக்கட்டும், குளிர்ந்தாலும் சரி.